சேற்றுப்பாதைக்கு வந்த ஆணை

அனலமைந்தி, கிழக்குக் காடு
1888 மே 3

மாப்பிள்ளை ரத்சிமிஹாராவுக்கு ரைனிகெதக்கா எழுதுவது.

அரசி நலமாக இருக்கட்டும். என் தங்கை ரவூனி நலம் என்று நம்புகிறேன். அவள் எழுதினால்தானே தெரியும்.

நீ உன் கையால் எழுதி அனுப்பிய அரசியின் ஆணை வந்து சேர்ந்தது. அனலமைந்தியின் சட்டத்தை நல்ல நிலையில் வைத்திரு என்று ஒரே ஒரு வரி. மகிழ்ச்சி. துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு ஏறும் இந்தக் காட்டுவழிக்கு என்னைக் காவல் வைத்துவிட்டு, இப்படி ஒருவன் இருக்கிறான் என்பதையே அரண்மனை மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். என்னோடு படையில் இருந்தவர்கள் எல்லாம் பட்டும் பதவியுமாக மேலே போய்விட்டார்கள். நான் அட்டைக் கடியில் கிடக்கிறேன். போகட்டும்.

சட்டம் என்னவென்று உனக்கு மறந்திருக்கலாம், நீ நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவன். மறைந்த பழைய அரசியார் வாயால் சொன்னது, நான் என் காதால் கேட்டது: இந்த வழியை அகலப்படுத்தக் கூடாது. ஓடைக்குப் பாலம் போடக் கூடாது. விழுந்த மரத்தை நகர்த்தக் கூடாது. பீரங்கி வண்டி உருள முடியாத வரைக்கும் வெள்ளைக்காரன் கடற்கரையோடு நிற்பான். இந்த மடகாஸ்கரில் நம்மிடம் போர்க்கப்பல் இல்லை. காடும் காய்ச்சலும் இருக்கின்றன. அவற்றுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, உன்னைப் போல.

ஆணை வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். போன வருடம் ஒரு பாதிரியார் ஓடைமேல் மூங்கில் பாலம் கட்டிவிட்டுப் போயிருந்தார். பிரித்துவிட்டேன். புயலில் சாய்ந்த மரங்களை இழுத்துவந்து மேட்டின்மேல் குறுக்கே போட்டேன். பாதை இப்போது பழைய அரசியார் காலத்தில் இருந்ததைவிட மோசமாக இருக்கிறது. இதை அரசியின் காதில் போடு.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. அரசியின் சொல் இதுவரை எனக்குக் காகிதத்தில் வந்ததே இல்லை. தூதன் வருவான், ஊரைக் கூட்டுவான், எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போவான். இந்த முறை ஏன் எழுத்து? இன்னொன்று, முத்திரை. அரக்கின் விளிம்பில் வேறொரு நிறம் தெரிகிறது. யாரோ சூடு காட்டித் திறந்து மூடியிருக்கிறார்கள். தான் இல்லை என்று சுமைக்காரர் தலைவன் இமாக்கா சத்தியம் செய்கிறான். நம்புவதாக அவனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்லவில்லை.

ரைனிகெதக்கா

*

அன்டனனரிவோ
1888 மே 22

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

ஆண்டவர் அருளால் அரசி நலம். தலைநகரைச் சுற்றிய பன்னிரண்டு புனிதக் குன்றுகளும் நலம். ரவூனி நலம். அவள் எழுதாததற்கு நான் காரணமல்ல.

உங்கள் கடிதம் கண்டு கலங்கினேன். ஆணையில் உள்ள சொல் சட்டம் அன்று, பாதை. அனலமைந்தியின் பாதையை நல்ல நிலையில் வைத்திரு என்பதே அதன் பொருள். கடற்கரையில் இருக்கும் அயல்நாட்டுத் தூதரான கான்சல் ஒரு நட்பு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு தலைநகருக்கு வர விரும்புகிறார். அவர் வரும் வழியைச் செப்பனிட்டுத் தருவதாக அரசி வாக்களித்திருக்கிறார். ஆணையின் நகல் ஒன்று அவரிடமே இருக்கிறது. அவருடைய துபாஷியும் அதைப் பாதை என்றே அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்.

எனவே மரங்களை அகற்றிப் பாலத்தை மறுபடி கட்டும்படி வேண்டுகிறேன். நம் அரசு வாக்குத் தவறாதது என்பதை அயலார் கண்ணால் காண வேண்டும்.

முத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் கடிதங்கள் எத்தனையோ நல்லவர்களின் கைகளைத் தாண்டி வருகின்றன. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆணையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீங்கள் படித்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணிவுடன்,
ரத்சிமிஹாரா
வெளியுறவுச் செயலகம்

*

அனலமைந்தி
1888 ஜூன் 9

செயலாளர் அவர்களுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் வருவதற்குமுன் கான்சல் வந்துவிட்டார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தோள்நாற்காலியில் அவர், பின்னால் பெட்டிகள், முன்னால் துபாஷி. துபாஷி பக்கத்துத் தீவில் பிறந்தவன், நம் மொழியை மூக்கால் பேசுகிறவன். மேட்டுக்கு வந்ததும் கத்தினான்.

"பெருசு! பாதை எங்கய்யா?"

"நீங்க நிக்கிறதுதான்."

"இது சேறுய்யா!"

"பாதையில இருக்கிற சேறு."

"குறுக்க மரம் கிடக்குதே?"

"அது மரம் கிடக்கிற பாதை."

சுமைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே மரத்தைத் தாண்டியதில் முன்னால் பிடித்தவன் வழுக்கினான். நாற்காலி கவிழ்ந்தது. கான்சலின் கால் முறிந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் காட்டுக்குள் இந்திரி குரங்குகள் பதில் சத்தம் போட்டன. நான் அவரைத் தள்ளவில்லை. சட்டம் தள்ளியது. வந்த வழியே கடற்கரைக்கு அவரைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

இனி உன் கடிதம். பாதை என்கிறாய். நம் மொழியில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான்: லலன. முதலெழுத்தை நீட்டி லாலன என்றால் கால் நடக்கிற பாதை. நடுவெழுத்தை நீட்டி லலான என்றால் அரசி போடுகிற சட்டம். வாயில் அவை வேறு வேறு. வெள்ளைப் பாதிரிமார் நமக்குக் கொடுத்த எழுத்தில் நீட்டலுக்குக் குறி கிடையாது. பாதையை நன்றாக வை என்று இந்த நாட்டின் எந்த அரசியாவது எனக்குச் சொல்லியிருப்பாரா? சட்டத்தை நன்றாக வை என்றுதான் சொல்லியிருப்பார். வாய்விட்டுப் படி என்கிறாய். படித்தேன். மூன்று ஊர் கேட்கப் படித்தேன். லலான.

உனக்குப் பாதிரியார் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். எனக்கு உப்புப் பொட்டலம் கற்றுக்கொடுத்தது. சட்டப் புத்தகத்தைக் கிழித்து அதில்தான் வியாபாரிகள் உப்பு மடிப்பார்கள். உப்பைக் கொட்டிவிட்டுத் தாளை வைத்துக்கொள்வேன். போகிறவன் வருகிறவனிடம் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்று கேட்டு வாங்கினேன். என் மகள் கெதக்காவுக்கே பிள்ளை பிறந்துவிட்ட வயதில். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் அந்த லலானதான். அதை எப்படிப் படிப்பது என்று நீ எனக்குச் சொல்லாதே.

இங்கே காதில் விழுவதையும் சொல்கிறேன். உன் வீட்டில் மணி அடிக்கிற கடிகாரம் வந்திருக்கிறதாம். நீ காலில் தோல் செருப்பு மாட்டிக்கொண்டு பாதிரியார் கோயிலுக்குப் போகிறாயாம். உன் மரியாதைப் பட்டம் ஒரே வருடத்தில் இரண்டு படி ஏறியிருக்கிறது. கான்சலின் பெட்டிகள் முன்பு ஒருமுறை தலைநகர் வந்தபோது உன் வீட்டு வாசலில்தான் இறங்கினவாம், தூக்கியவனே சொன்னான். பாதை போட்டுக் கொடுப்பதற்கு அவன் உனக்கு என்ன கொடுத்தான்?

எங்கள் குடும்பக் கல்லறையில் உனக்கும் ஓர் இடம் உண்டு என்று என் அப்பா சொல்லிவிட்டுப் போனார். மருமகனுக்கு யாரும் அப்படிக் கொடுப்பதில்லை. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ரவூனி எங்களோடு வருவாள். நீ எங்கே படுப்பாய் என்பதை உன் கான்சலிடம் கேட்டுக்கொள்.

ரைனிகெதக்கா

*

அன்டனனரிவோ
1888 ஜூன் 28

மச்சான்,

இதை இமாக்காவின் தொப்பி மடிப்பில் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடுங்கள். நீங்கள் எரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது உங்களைத் தவிர மற்றவர்களும் படிப்பதற்காக எழுதியது. நம் தபாலை வழியில் ஒருவரும் இங்கே இன்னொருவரும் திறக்கிறார்கள். ஒருவன் பிரெஞ்சுக்காரனுக்குச் சொல்கிறான், ஒருவன் ஆங்கிலேயனுக்கு. மூன்றாவது ஆளும் இருக்கலாம்.

நீங்கள் படித்ததுதான் சரி. ஆணையில் அந்தச் சொல் தெரிந்தேதான் வைக்கப்பட்டது. கான்சல் பாதை கேட்டார். தர மாட்டோம் என்றால் சண்டைக்குக் காரணம் கிடைத்துவிடும். தந்தால் பீரங்கி வரும். அதனால் அவர் கண்ணுக்குப் பாதையாகவும் உங்கள் வாய்க்குச் சட்டமாகவும் ஒரு வரி எழுதப்பட்டது. இதை உங்களிடம் வாயால் சொல்ல ஒரு தூதனும் புறப்பட்டான். வழியில் காய்ச்சலில் இறந்துவிட்டான். அந்த மரத்தைக் குறுக்கே போடாமல் இருந்திருந்தால், கால் முறியாமல் இருந்திருந்தால், எல்லாம் அமைதியாகப் போயிருக்கும்.

இப்போது கான்சல் சும்மா இருக்கவில்லை. அரசி வாக்குக் கொடுத்து ஏமாற்றினாரா, இல்லை காவலதிகாரி ஆணையை மீறினாரா, இரண்டில் ஒன்றைச் சொல் என்கிறார். துறைமுகத்தில் அவர்களுடைய கப்பல்கள் நிற்கின்றன. ஏமாற்றினார் என்றால் குண்டு விழும். நீங்கள் மீறினீர்கள் என்றால், உங்கள் தலை போவதோடு பாதையையும் உடனே போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டுமே இல்லாமல் மூன்றாவது ஒரு வழிதான் இருக்கிறது. காட்டில் இருக்கும் கிழவருக்குப் படிக்கத் தெரியாது, ஆணையைத் தப்பாகப் புரிந்துகொண்டார். அவ்வளவுதான். யார்மேலும் குற்றம் இல்லை. பாதை வேலை மழைக்குப் பிறகு என்று சொல்லிவிடலாம். மழை எப்போது நிற்கும் என்று அந்தக் காட்டில் யாருக்குத் தெரியும்?

உங்களைத் துறைமுகத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆளுநர் முன்னால், கான்சல் முன்னால், எனக்குப் படிக்கத் தெரியாது என்று நீங்களே சொல்ல வேண்டும். தாளைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடியுங்கள். பதவி போகும். வேறு ஒன்றும் ஆகாது. பெட்டி, கடிகாரம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. நேரில் சொல்கிறேன்.

ரத்சிமிஹாரா

*

அனலமைந்தி
1888 ஜூலை 8

மாப்பிள்ளைக்கு,

இமாக்கா புதுத் தொப்பி கேட்கிறான். பிரித்த தொப்பியைத் தைக்கத் தெரியாதாம். வாங்கிக் கொடு.

இறந்துபோன தூதனின் பெயர் என்ன? அவன் யாருடைய மகன்? எந்த ஊரில் விழுந்தான், யார் துணி போர்த்தினார்கள்? அரசியின் சொல்லைச் சுமந்துவந்தவன் இந்த வழியில் இறந்தால் முதல் செய்தி எனக்குத்தான் வரும். வரவில்லை. மேலே உள்ள ஊர்களில் ஆள் விட்டுக் கேட்டேன். எங்கேயும் எந்தத் தூதனும் சாகவில்லை. ஒரு மிளகாய் வியாபாரிதான் செத்திருக்கிறான்.

நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்லட்டுமா? நீ கான்சலுக்காகப் பாதை என்றுதான் எழுதினாய். காட்டுக் கிழவன் சட்டம் என்று படிப்பான் என்று உனக்குத் தோன்றவே இல்லை. இப்போது கால் முறிந்ததும், இது அரசியின் தந்திரம் என்று ஒரு துணியை எடுத்து உன் தப்பின்மேல் போர்த்துகிறாய். அந்தத் துணியின் இன்னொரு நுனியை என்னைப் பிடிக்கச் சொல்கிறாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுதும் முன் அந்தச் சொல்லை யாரோ உன்னிடம் வாயால் சொல்லியிருப்பார்கள் அல்லவா? எழுத்தில்தான் குழப்பம், வாயில் குழப்பம் இல்லை. உன் காதில் விழுந்தது லாலனவா, லலானவா? இதற்குப் பதில் சொல்.

அதுவரை நான் எங்கேயும் வர மாட்டேன். படிக்கத் தெரியாது என்று சொல்வது உனக்குச் சின்ன விஷயம். தலைநகரில் தடுக்கி விழுந்தால் படித்தவன் மேல்தான் விழ வேண்டும். இங்கே நான் ஒருவன். சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். போன அறுவடையில் ஒரு வெள்ளை வியாபாரி மரம் வெட்ட ஒரு குன்றைக் கேட்டு, கையெழுத்துக்குப் பதிலாக ஊர்த்தலைவரைப் பேனாவைத் தொடச் சொன்னான். ஒரு மழைக்காலத்துக்கு என்று வாயால் சொன்னான். தாளில் பிள்ளைகளின் பிள்ளைகள் காலம் வரை என்று இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அந்தக் குன்றில் மரம் இன்னும் நிற்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று நானே சபையில் சொன்ன பிறகு, அடுத்த காகிதத்தை யார் என்னிடம் கொண்டுவருவார்கள்? நான் படித்துச் சொன்னால் யார் நம்புவார்கள்?

தாளைத் தலைகீழாகப் பிடிக்க வேறு சொல்கிறாய். உன்னால் முடியுமா? ஒருநாள் கோயிலில் பைபிளைத் தலைகீழாகப் பிடித்துப் பாரேன்.

ரைனிகெதக்கா

*

அன்டனனரிவோ
1888 ஜூலை 19

மச்சான்,

தூதன் இல்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக நான் சொன்ன பொய் அது. மிளகாய் வியாபாரியின் ஆத்மா என்னை மன்னிக்கட்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்: என் காதில் எதுவும் விழவில்லை. அரண்மனைப் பெரியவர் ஒருவர் என்னை உள்ளே கூப்பிட்டார். ஒரு சின்னத் தாளை மேசையில் என் பக்கம் தள்ளினார். அதில் அந்த வரி இருந்தது. நான் வாய் திறந்து படிக்கப் போனேன். "சத்தமா வேணாம், எழுது போதும்" என்றார். எழுதினேன். அந்தச் சின்னத் தாளைத் திரும்ப வாங்கி விளக்கில் காட்டி எரித்துவிட்டார். அங்கே இருந்த அத்தனை நேரமும் ஒருவரும் அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். தெரிந்தே வைத்த சொல் என்று நான் எழுதியது அந்த யோசனையில் வந்தது. என்னிடம் சாட்சி இல்லை. நான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் நீங்கள் சொல்வதுதான் சரி, நான் ஒரு கவனமில்லாத குமாஸ்தா.

கால் முறிந்த செய்தி வந்த பிறகு அதே பெரியவர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். பேச்சு இப்படிப் போனது.

"உன் மச்சானுக்கு எழுத்து வருமோ?"

"நல்லா வருங்க."

"அப்படியா? வராதுன்னு யாரோ சொன்னாங்களே."

"இல்லீங்க, அவரு தானாவே கத்துக்கிட்டவரு. எங்க வீட்டுக்குக் கடிதாசியெல்லாம்..."

"வராதுன்னுதான் சொன்னாங்க. நீ நல்லா விசாரிச்சுக்கோ தம்பி. சொந்தக்காரன் நீயே தப்பா சொல்லக் கூடாதுல்ல."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ஆணை. வாய்மொழித் தூதன் ஏன் வரவில்லை என்று முன்பு கேட்டீர்கள். வர மாட்டான். வந்தால் ஒரு சாட்சி உண்டாகிவிடும். அரசி பிரெஞ்சுக்காரனை நம்பவில்லை, ஆங்கிலேயனை நம்பவில்லை. என்னையும் உங்களையும் மட்டும் ஏன் நம்ப வேண்டும்? பெட்டிகள் என் வீட்டு வாசலில் இறங்கின, உண்மை. இறக்கச் சொன்னவர்களும் இவர்கள்தான். ஒரு ராத்திரி என் வீட்டில் இருந்துவிட்டுப் போயின. உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. கடிகாரம் கான்சல் கொடுத்தது. வாங்கிக்கொள் என்றார்கள். வாங்கினேன். என்னை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று அவர்கள் நினைக்க வேண்டுமாம். நீங்களும் அப்படியே நினைத்தீர்கள். அந்த வேலையை நான் நன்றாகத்தான் செய்திருக்கிறேன்.

ரவூனியிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க அண்ணன் சாகச் சொன்னா சாவாரு. படிக்கத் தெரியாதுன்னு மட்டும் சொல்ல மாட்டாரு. அந்த உப்புத்தாள வெச்சுக்கிட்டு அவரு பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தாய்ப்பால் மாதிரி ஊட்டிவிட்டாங்க, உங்களுக்கு என்ன தெரியும்?" அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

கல்லறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக இதை எழுதவில்லை. ஆளுநரின் ஆட்கள் உங்களை அழைத்துப்போக அடுத்த வாரம் வருவார்கள். அதற்குமேல் உங்கள் வாய், உங்கள் முடிவு.

ரத்சிமிஹாரா

*

அனலமைந்தி
1888 ஆகஸ்ட் 14

மாப்பிள்ளைக்கு,

போனேன். வந்துவிட்டேன். நடந்ததை யாராவது உனக்குக் கோணலாகச் சொல்வதற்குமுன் நானே எழுதுகிறேன்.

ஆளுநர் வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார்கள். கான்சல் காலை ஒரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். சன்னல் வழியே கப்பல்கள் தெரிந்தன. தலைநகரில் உட்கார்ந்து கப்பல் என்று எழுதுவது எளிது. அதன் பீரங்கி வாய்களைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். துபாஷி ஆணையின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தான்.

நேராகத்தான் பிடித்தேன். அதைத் தலைகீழாகப் பிடிக்க நான் பிறக்கவில்லை.

"படி பெருசு," என்றான்.

படித்தேன். அனலமைந்தியின் லலான என்று, ஊரில் படித்தது போலவே. துபாஷி கையைத் தட்டிச் சிரித்தான். ஆளுநரின் இளம் அதிகாரிகளும் சிரித்தார்கள். அதில் எத்தனை பேர் புரிந்து சிரித்தார்கள், எத்தனை பேர் புரியாமல் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப் போல வேஷம் போடுகிற வேலைக்காரர்கள் அங்கேயும் இருக்கலாம்.

"லலான இல்ல பெருசு, லாலன! பாதை! யார்கிட்டய்யா படிச்ச நீ?"

"உப்புக் கடைக்காரன்கிட்ட."

மறுபடி சிரிப்பு. கான்சல் சிரிக்கவில்லை. துபாஷியிடம் ஏதோ கேட்டார். அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஐயா கேக்கிறாரு. உனக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

அந்த இடத்தில் நான் யோசித்ததைச் சொல்கிறேன், நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீ சொல்வது உண்மையாக இருந்தால் அரசிக்கு என் வாயிலிருந்து அந்தச் சொல் வேண்டும். நீ சொல்வது பொய்யாக இருந்தாலும், நான் அதைச் சொன்னால் மரம் மேட்டின்மேலேயே கிடக்கும், ஓடைக்குப் பாலம் வராது. நீ திருடனா நல்லவனா என்று பார்த்து முடிவெடுக்கத் தேவையே இல்லை என்று தெரிந்தது. அது ஒரு நிம்மதி. உன்னை நம்பி நான் ஒன்றும் செய்யவில்லை. இதை நீ நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"தெரியாது," என்றேன்.

எங்கள் பக்கத்து ஊர்த்தலைவர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வந்திருந்தார்கள். மரக் குன்றுக்காரரும் அதில் ஒருவர். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். திரும்பி வரும் வழி முழுவதும் எனக்குப் பின்னாலேயே நடந்தார். இமாக்கா மட்டும் காதோரம் வந்து, "அப்ப அந்தக் குன்றுத்தாள்ல நீங்க படிச்சது?" என்று கேட்டான். நான் நடையை வேகமாக்கினேன். உண்மையைச் சொன்னால் அவன் நாலு இடத்தில் சொல்வான். பொய்யைச் சொன்னால் குன்று போய்விடும்.

என் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். கான்சல் தலைநகருக்கு வரும் பேச்சை விட்டுவிட்டார். காலும் சேரவில்லை, வழியும் சேரவில்லை. கப்பல்கள் நான் புறப்படும்போதும் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் சும்மா நின்றன.

என் இடத்துக்கு ஓர் இளைஞன் வந்திருக்கிறான். பாதை போட வந்தவன் என்று கான்சலுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மரியாதையானவன். என் மூட்டையைத் தூக்கி வைத்தான். அவனிடம் கேட்டேன்.

"பாதை போடப் போறியா தம்பி?"

"ஆணை வரட்டுங்க, பாக்கலாம்."

"ஆணை எழுத்துல வந்தா?"

"எனக்கு எழுத்து தெரியாதுங்க ஐயா. தெரியாதவனாப் பாத்துத்தான் தேடினாங்களாம்."

முகத்தைப் பார்த்தேன். உண்மை போலத்தான் இருந்தது. அரண்மனை தெரிந்தே வைத்த சொல் என்ற உன் யோசனை சரியாக இருக்கலாம் என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. ஆனால் தெரியாது என்று ஒருவன் சொல்வதை இனிமேல் நான் எப்படி நம்புவது?

நாளை மேட்டில் உள்ள ஊருக்கு, என் மகள் வீட்டுக்குப் போகிறேன். ரவூனியை உன்னோடு பேசச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். அது அவள் பாடு. தூதனைப் பற்றி நீ சொன்ன பொய்யை மன்னிக்கவும் மாட்டேன். ஒரு பொய் போதுமான இடத்தில் இரண்டு சொன்னாய்.

இது நான் எழுதும் கடைசிக் கடிதம். கோபத்தில் சொல்லவில்லை. என் கையெழுத்துப் பட்ட ஒரு துண்டுத்தாள் வழியில் எங்காவது திறக்கப்பட்டால், கூடத்தில் நான் சொன்ன சொல் அன்றோடு போயிற்று. மையை ஓடையில் கொட்டிவிட்டேன், இதை எழுதுவதற்கு மட்டும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டேன்; இது முடிந்ததும் பேனாவும் ஓடைக்குத்தான். இதைத் தபாலில் விடவில்லை. இமாக்காவே கொண்டுவருவான், புதுத் தொப்பியில். படித்ததும் எரித்துவிடு. நீ எரிப்பாய்.

பதில் எழுதாதே. எழுதினால் அதைப் படித்துக் காட்டச் சொல்லி நான் யாரிடமாவது போய் நிற்க வேண்டும். அவன் யாருடைய ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரைனிகெதக்கா